மட்டி திறக்கும் வித்தை

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்று சந்திரகிரியில் யாரிடம் சொன்னாலும், "பூநாரையா?" என்றுதான் கேட்பார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. சூலூர்பேட்டையில் பூநாரையின் பெயரிலேயே அரசாங்கம் திருவிழா எடுக்கிறது. பள்ளிக்கூடங்கள் பஸ் வைத்துப் பிள்ளைகளை அழைத்துப் போகின்றன. ராக்கெட் தளத்துக்குப் போகும் ஸ்ரீஹரிகோட்டா சாலையில் தை மாதத்தில் நின்றால், இரண்டு பக்கமும் பழவேற்காட்டு ஏரியில் இளஞ்சிவப்புக் கோடாக அவை தெரியும். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பூநாரைக்கு நாள் முழுக்க ஒரே வேலை: தலையைக் கவிழ்த்து அலகை நீரில் விட்டு வடிகட்டுவது. அரை மணி நேரம் பார்த்தால் எனக்குப் போதும் என்று ஆகிவிடும்.

நான் போவது சிப்பிபிடிப்பானுக்காக. காகத்தின் நீளம், காகத்தைவிடக் கனம். மேலே கறுப்பு, வயிறு வெள்ளை, கால் ரோஜா நிறம், கண் சிவப்பு. இத்தனைக்கும் முன்னால் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும் செஞ்சிவப்பு அலகு. தூரத்திலிருந்து பார்த்தால் அலகுதான் முதலில் தெரியும், பறவை பிறகுதான் தெரியும். அதன் வாழ்க்கையும் அப்படித்தான், அலகுக்குப் பின்னால் நடந்து போகிற வாழ்க்கை.

அரிய பறவை என்ற பேச்சு வந்தால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. சேஷாசல மலைக்கு அந்தப்புறம், கடப்பா மாவட்டத்து முட்புதர்க் காட்டில் இருக்கும் ஜெர்டான் ஓடுபறவை உலகத்திலேயே வேறெங்கும் இல்லை. நெல்லூரில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டான் மூலம் 1848-இல் அது உலகுக்குத் தெரியவந்தது. 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போய்விட்டது என்று எழுதப்பட்டு, 1986 ஜனவரியில் சித்தவட்டம் அருகே திரும்பக் கிடைத்தது. இரவில் நடமாடும் பறவை. அதைத் தேடிப் போனவர்களில் பெரும்பாலோர் பார்த்தது முள்ளைத்தான். உள்ளான், கோட்டான், ஆள்காட்டி எல்லாம் சேர்ந்த கரைப்பறவைப் பெருங்குடும்பத்தில் அதுவும் ஒன்று என்பது ஒரு வேடிக்கை. தண்ணீரை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போன உறவுக்காரன்.

சிப்பிபிடிப்பான் அப்படிப்பட்ட அரிதல்ல. ஐரோப்பாக் கரைகளில் லட்சக்கணக்கில் இருக்கிறது. நம் நாட்டில் குஜராத், கொங்கணக் கரைகளில் குளிர்காலத்தில் வருவதுண்டு. கிழக்குக் கரைக்கு வருவதுதான் குறைவு. அப்படி வருகிறவற்றைப் பார்க்க எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இடம் பழவேற்காடு. பட்டியலில் ஒரு பெயரைக் கூட்டிக்கொள்ள மட்டும் என்றால் ஒருமுறை போனால் போதும். நான் திரும்பத் திரும்பப் போவது அதன் தொழிலைப் பார்க்க.

மட்டியைக் கையால் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தொழிலின் அருமை தெரியும். இரண்டு ஓடு. பின்னால் ஒரு கீல். உள்ளே ஓட்டோடு ஓட்டை இழுத்துப் பிடிக்கும் தசை. மட்டி பயந்தால் அந்தத் தசையை இறுக்கிக்கொள்ளும். அப்புறம் நகத்தை விட்டாலும் நடக்காது, கத்தியை விட்டாலும் வழுக்கும். சமையலறையில் நாம் செய்வது ஏமாற்று வேலை: கொதிநீரில் போட்டால் மட்டி செத்துத் தானே வாயைத் திறக்கும். பறவைக்கு அடுப்பு கிடையாது. உயிரோடு இறுகியிருக்கிற ஓட்டை அது திறந்தாக வேண்டும். அதுவும் தண்ணீர் வற்றியிருக்கிற சில மணி நேரத்துக்குள்.

இதற்கு அந்த இனத்தில் இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று குத்துகிற பள்ளி. ஆழமில்லாத நீரில் மட்டி ஓட்டை நூலளவு திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பறவை ஓசைப்படாமல் நெருங்கி, அந்த இடுக்கில் அலகை ஒரே குத்தாக இறக்கி, உள்ளே இருக்கும் தசையை அறுத்துவிடும். தசை போனால் கதவு போயிற்று. பிறகு அலகைச் சற்றுத் திருகினால் ஓடு விரியும். அலகு பக்கவாட்டில் தட்டையாக, கத்தி அலகுபோல் இருப்பதன் பயன் அப்போது தெரியும். குறி தப்பினால் மட்டி வாயை மூடிக்கொள்ளும். சில வேளை அலகோடு சேர்த்து மூடிக்கொள்ளும். அப்படி மாட்டிக்கொண்ட பறவைகளை ஐரோப்பாவில் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று உடைக்கிற பள்ளி. இது மட்டியைப் பிடுங்கி, கெட்டியான தரைக்குக் கொண்டுபோய், ஓட்டில் ஒரே இடத்தில் தொடர்ந்து அடித்து ஓட்டை போடும். வெறும் முரட்டு அடி என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் லேசாகத் தட்டிப் பார்க்கும். ஓடு தடிப்பு என்று பட்டால் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். மெல்லிய ஓட்டைத்தான் தேர்ந்தெடுக்கும். ஓட்டின் எந்தப் பக்கத்தில் அடிப்பது என்பதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். முதுகுப் பக்கம் அடிக்கிற பறவை முதுகுப் பக்கமே அடிக்கும், வயிற்றுப் பக்கம் அடிப்பது வயிற்றுப் பக்கமே. ஒரே கரையில், ஒரே மட்டித் திட்டில், பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒன்று குத்திக்கொண்டும் ஒன்று உடைத்துக்கொண்டும் இருக்கும். பள்ளி மாறுவது அபூர்வம்.

இந்த வித்தை பிறவியிலேயே வந்துவிடுவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கரைப்பறவைகளில் பெரும்பாலானவற்றின் குஞ்சுகள் முட்டையை விட்டு வந்த அன்றே தம் இரையைத் தாமே பொறுக்கத் தொடங்கிவிடும். தாய் காவல் நிற்பதோடு சரி. சிப்பிபிடிப்பான் குஞ்சுக்கு அப்படி முடியாது. தாய் தகப்பன் இரையைக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பறக்கக் கற்ற பிறகும், மட்டி தின்கிற குடும்பத்துப் பிள்ளை சில மாதங்கள் பெற்றோர் பின்னாலேயே திரியும். தொழில் கைவருவதற்குள் ஓரிரு குளிர்காலம் போய்விடும். இனப்பெருக்கம் தொடங்கப் பொதுவாக நாலு வயதுபோல் ஆகிவிடும். ஆனால் தேறிவிட்டால் நெடுங்காலம் வாழும். காலில் வளையமிட்டு விட்ட பறவைகள் 40 வயதைத் தாண்டியிருக்கின்றன. குருகுலத்தில் இவ்வளவு நாள் இருக்கிற பறவைக்கு ஆயுளும் அதற்குத் தக்கபடி அமைந்திருக்கிறது.

சந்திரகிரியிலிருந்து பழவேற்காட்டுக்கு இரண்டு வழி. புத்தூர், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகப் போவது ஒன்று. நான் மற்றதில் போவேன். திருப்பதி, ரேணிகுண்டா தாண்டி, சுவர்ணமுகி ஆற்றங்கரையில் காளஹஸ்தி. அங்கிருந்து வரதையபாளையம், தடா, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி. கொஞ்சம் சுற்றுதான். ஆனால் காளஹஸ்தியில் கலம்காரிக்காரர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் வேலையைப் பார்த்துவிட்டுப் போனால் சிப்பிபிடிப்பானின் அலகு இன்னும் நன்றாகப் புரியும். காளஹஸ்திக் கலம்காரியில் அச்சுக் கட்டை கிடையாது, எல்லாம் கையால் எழுதுவது. கடுக்காயும் பாலும் ஊட்டிக் காயவைத்த துணியில், வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய கறுப்பு மையால் கோடு இழுக்கிறார்கள். எழுதுகோல் மூங்கில். அதில் இரண்டு விதம் வைத்திருப்பார்கள். கோடு போட நுனி கூராகச் சீவியது, நிறம் நிரப்ப நுனி மழுங்கியது. நுனியைப் பார்த்தே எந்த வேலை நடக்கிறது என்று சொல்லிவிடலாம். சிப்பிபிடிப்பானின் அலகும் இப்படித்தான். மண்ணைத் துளைத்துப் புழு எடுக்கிற பறவைக்கு நுனி கூராக இருக்கும். ஓட்டிடையே குத்துகிறதற்கு உளிபோல் பட்டையாக இருக்கும். உடைக்கிறதற்கு மழுங்கிப்போயிருக்கும். அலகு நுனி தேய்ந்துகொண்டே இருக்கும், வளர்ந்துகொண்டும் இருக்கும். நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வளர்ச்சி, நம் விரல் நகத்தைப்போல மூன்று நான்கு மடங்கு வேகம். எந்த வேலை செய்கிறதோ அந்த வேலை நுனியைத் தேய்த்து வடிவம் கொடுத்துவிடும். தொழிலை மாற்றினால் சில வாரங்களில் நுனியும் மாறிவிடும். கலம்காரிக்காரர் இரண்டு கோல் வைத்திருக்க வேண்டும். இதற்கு ஒரே கோல், சீவுவதும் தானே நடக்கிறது.

நம் பக்கம் வருகிறவை மேற்குச் சைபீரியா, மத்திய ஆசிய ஆற்றங்கரைகளிலும் புல்வெளி ஏரிகளிலும் முட்டையிடும் கிழக்குக் கிளை. கோடையில் கடலே பார்க்காத உள்நாட்டுப் பறவை. ஈர மண்ணில் புழுவும் பூச்சியும்தான் அங்கே சாப்பாடு. குளிர் வந்ததும் தெற்கே இறங்கிக் கடற்கரைக்காரனாகி மட்டிக்கும் நண்டுக்கும் மாறுகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை ஊரும் மாற்றி, உணவும் மாற்றி, கருவியின் நுனியையும் மாற்றிக்கொள்கிற ஒரு தொழிலாளியை எனக்கு வேறெங்கும் தெரியாது.

ஆண் பெண் இரண்டும் நிறத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் அலகில் வித்தியாசம் உண்டு. பெண்ணின் அலகு நீளம், மெல்லிசு. துளாவி எடுக்கிற வேலை அதற்கு ஒத்துவரும். ஆணுடையது சற்றுக் குட்டை, தடிமன்; உடைக்கிற பள்ளியில் ஆண்கள் அதிகம். ஜோடியாக நிற்கும்போது ஒப்பிட்டால் தெரியும். தனியாக நிற்பதைப் பார்த்து ஆண் பெண் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இந்த அலகைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு டச்சுக்காரர்கள் கண்டது. அவர்கள் நாட்டு வாடன் கடலின் சேற்றுத் திட்டுகளில் பல பத்தாண்டுகளாக இதை வளையமிட்டு, எடைபோட்டு, அலகை அளந்து வருகிறார்கள். பழவேற்காட்டு மணலில் நின்று இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். அதே டச்சுக்காரர்கள் 1610-இல் இங்கே வந்து கடை விரித்தவர்கள். அனுமதி கொடுத்தவர் அரவீட்டு மரபின் இரண்டாம் வேங்கடபதி ராயர், எங்கள் சந்திரகிரியைத் தலைநகராக்கிக்கொண்டவர். 1613-இல் கெல்டிரியா என்று கோட்டையும் கட்டினார்கள். அவர்கள் தேடி வந்தது துணி. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரையின் சாயத்துணிதான் நன்றாக விலைபோயிற்று. எழுதுகோல் ஓட்டிய துணிக்காக இந்தக் கரைக்கு வந்தவர்களின் சந்ததி, இந்தக் கரைக்கு வருகிற பறவையின் கோலைத் தங்கள் கரையில் அளந்துகொண்டிருக்கிறது. கோட்டை இன்று மண்மேடும் புதரும். கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்க வேண்டும். திரும்பும்போது நேரமிருந்தால் பாருங்கள், போகும்போது பார்த்தால் தண்ணீர் வற்றுகிற வத்தத்தைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

வத்தம்தான் எல்லாம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் ஏறி இறங்கும். மைல்கணக்கில் சேறு வெளியே வரும். நம் பக்கத்தில் பெரிய வத்தத்திலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஏரிக்குள் அதைவிடக் குறைவு. வெளியே தெரிகிற திட்டு கொஞ்சம், தெரிகிற நேரமும் கொஞ்சம். சில்காவுக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி, வடக்கு தெற்காக அறுபது கிலோமீட்டர் நீளம் என்றெல்லாம் பெருமை இருந்தாலும், சிப்பிபிடிப்பானுக்கு வேண்டியது முகத்துவாரத்தை ஒட்டிய சில மணல்திட்டுகள்தான். அங்கேதான் கடல்நீர் உள்ளே வந்துபோகிறது, அங்கேதான் மட்டி. எனவே நாள் குறிக்கப் பஞ்சாங்கம் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் தண்ணீர் நன்றாக வற்றும். மணிக்கணக்கு ஓத அட்டவணையில் கிடைக்கும். நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஊரிலிருந்து பாலம் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். கடலோரமாக வடக்கே நடந்தால் முகத்துவாரம். படகில் போனால் சுலபம்தான். ஆனால் 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த ஏரி இது. கட்டுப்பாடுகள் அப்போது வந்தன. அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல் ஏறாதீர்கள். எனக்கு நடைதான் பிடித்திருக்கிறது. நடந்து போகிறவனைப் பறவைகள் தூரத்திலேயே பார்த்து எடைபோட்டுக்கொள்ளும். அது நல்லதே.

போன தை மாதம் ஒரு காலையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் தண்ணீர் நிலவரம் கேட்டேன்.

"இப்பதான் வத்த ஆரம்பிச்சிருக்கு சார். திட்டு தெரிய இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். என்னா, குருவி பாக்கவா?"

"சிவப்பு மூக்கு இருக்குமே அண்ணே, கறுப்பு வெள்ளையா..."

"அதுவா. அது மட்டி இருக்கிற எடத்துலதான் நிக்கும். எங்களுக்கே அடையாளம் அதான்."

அவர் சொன்னதற்கு மேல் ஒரு பறவை நூல் என்ன சொல்லிவிடப்போகிறது என்று தோன்றியது. காத்திருந்தேன். காத்திருக்கிற நேரத்தில் கூட்டாளிகளைப் பார்க்கலாம். வளைந்த அலகோடு குதிரைமலைக் கோட்டான், கூழாங்கல்லையும் சிப்பியையும் புரட்டிக்கொண்டே போகும் கல்திருப்பி, கூட்டம் கூட்டமாக ஓடி நின்று ஓடி நிற்கும் மணல் நிற உப்புக்கொத்திகள், மேலே ஆலாக்கள். இவற்றில் ஒவ்வொன்றின் அலகும் ஒவ்வொரு ஆழத்துக்கு. ஒரே சேற்றை மாடி மாடியாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

திட்டு நீருக்கு மேலே முதுகைக் காட்டியதும் ஏழெட்டு சிப்பிபிடிப்பான்கள் வந்து இறங்கின. பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டை ஓடுகிறது. குரல் கூர்மையான சீழ்க்கை, அலையோசையை அறுத்துக்கொண்டு வரும். இறங்கியதும் கொஞ்சம் சச்சரவு, பிறகு ஆளுக்கொரு பக்கம். தொலைநோக்கியை ஒன்றின் மேல் மட்டும் வைத்துக்கொண்டேன். இது ஒரு விதி. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் ஒன்றும் பார்க்க முடியாது.

அது அவசரமில்லாமல் நடந்தது. மூன்று அடி, ஒரு நிறுத்தம். தலையை லேசாகச் சாய்த்தது. அலகை அரை அங்குலம் மண்ணில் விட்டு எடுத்தது, பிறகு இன்னொரு இடத்தில். விரல் நுனியால் தடவிப் பார்க்கிறவர்களின் நிதானம். அலகு நுனிக்குள் தொடு உணர்வு நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. இரவிலும் இது இரை தேடுவது அதனால்தான். நாலாவது துழாவலில் எதுவோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். உடம்பே மாறியது. கால் இரண்டும் அகன்று ஊன்றின, கழுத்து தடித்தது. அலகு கண்வரைக்கும் மண்ணுக்குள் போயிற்று. வெளியே வரும்போது நுனியில் ஒரு மட்டி. அதை எடுத்துக்கொண்டு கெட்டி மணலுக்கு நாலு எட்டு நடந்து, கீழே வைத்து, ஓட்டின் இடுக்கு தனக்கு நேராக வரும்படி அலகாலேயே புரட்டிச் சரிசெய்தது. அந்தப் புரட்டலைத்தான் நான் பார்க்கப் போவது. பிறகு ஒரு குத்து, ஒரு திருகல், தலையை இரண்டு முறை உதறல். சதை அலகில் தொங்கியது. ஓடு இரண்டும் கீறல்கூட இல்லாமல் மணலில் விரிந்து கிடந்தன. மொத்தம் அரை நிமிடம் ஆகியிருக்காது. அதற்குள் பக்கத்தில் இருந்த இன்னொரு சிப்பிபிடிப்பான் பறித்துக்கொள்ள ஓடிவந்து ஏமாந்தது. இவற்றுக்குள் திருட்டு சகஜம். திறமை குறைந்தவை அப்படித்தான் பிழைக்கும்.

தண்ணீர் ஏறிய பிறகு அந்தத் திட்டை ஒட்டிக் கிடக்கும் வெற்று ஓடுகளைப் பொறுக்கிப் பார்ப்பதும் ஒரு சுகம். விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் அவசரக் குத்து. ஓட்டில் ஓட்டை விழுந்திருந்தால் உடைக்கிற பள்ளி. முழுசாக, கீல் அறுபடாமல் கிடந்தால் கைதேர்ந்தவர் வேலை. வேட்டையை நேரில் பார்க்காத நாளிலும் ஓடுகளைப் பார்த்து யார் வந்துபோனார் என்று ஓரளவு சொல்லலாம்.

உற்றுப்பார்க்கப் பழகியவர்களுக்கு இன்னொரு நுணுக்கம். அலகின் மேல் நாசித்துளையிலிருந்து ஒரு பள்ளம் நுனியை நோக்கி ஓடும். ஐரோப்பியப் பறவையில் அது அலகின் பாதிக்குள் நின்றுவிடும். நம்மிடம் வரும் கிழக்குக் கிளையில் பாதியைத் தாண்டிப் போகும். முதுகின் கறுப்பிலும் பழுப்பு கலந்திருக்கும். குளிர்காலத்தில் தொண்டையில் வெள்ளை வளையம் ஒன்றும் தோன்றும். இவற்றைப் பார்க்க நல்ல தொலைநோக்கியும் காலை வெளிச்சமும் வேண்டும். பத்து மணிக்கு மேல் மணலிலிருந்து கானல் எழும்பிவிட்டால் பறவை நடுங்க ஆரம்பிக்கும், பள்ளமும் தெரியாது, வளையமும் தெரியாது.

இப்போது பறவை பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் பெரிய லென்ஸோடு வருகிறார்கள். பறக்கிற படம்தான் வேண்டும் என்பதால் கூட்டத்தை நோக்கி ஓடுகிறார்கள். பறவை கிளம்பும்போது ஐம்பது படம் விழும். ஐம்பதிலும் வெள்ளைப் பட்டை விரிந்த இறக்கை அருமையாக இருக்கும். மட்டி திறக்கிற படம் ஒன்றும் இருக்காது. கச்சேரிக்குப் போய் வித்வான் மேடை ஏறுவதையும் இறங்குவதையும் மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கு என்ன பெயரோ, இதற்கும் அதே பெயர்.

இந்த ஏரியின் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களும் இருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் நகர்ந்துகொண்டே இரண்டு கையாலும் அடியைத் துழாவி, கிடைத்ததைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறியில் போட்டுக்கொள்வார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. மீனவர்களிடம் பாடு என்ற முறை உண்டு. எந்த நாளில் யார் எந்தத் தண்ணீரில் வலை போடுவது என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வது. அடியிலிருந்து கிளிஞ்சல் வாரிச் சுண்ணாம்புக்கு அனுப்பியதும் இங்கே நெடுங்காலத் தொழில். மனிதரும் பறவையும் சேர்ந்து வாழ்கிற பட்டறை இது. யாராவது ஒருவர் அளவு மீறினால் எல்லாருக்கும் இடிக்கும்.

எப்படி இடிக்கும் என்பதற்கு வாடன் கடலே சாட்சி. அங்கே இயந்திரம் வைத்து மட்டி வாரினார்கள். சிப்பிபிடிப்பான்கள் பட்டினியில் சரிந்தன. நீண்ட வழக்குக்கும் வாதத்துக்கும் பிறகு 2005-இலிருந்து இயந்திர வாரல் நிறுத்தப்பட்டது. 2015-இல் உலகப் பட்டியலில் இந்தப் பறவை அச்சுறுத்தலை நெருங்கும் இனம் என்று குறிக்கப்பட்டது. லட்சக்கணக்கில் இருக்கிற பறவையை ஏன் அப்படிக் குறித்தார்கள் என்று கேட்கலாம். சரிகிற வேகத்தைப் பார்த்துக் குறித்தார்கள். வடக்கு அட்லாண்டிக்கில் பாரோ தீவுக்காரர்களுக்கு இது தேசியப் பறவை. மார்ச் 12-ஆம் தேதி அது கடல் கடந்து திரும்பி வருவதை ஊர்வலம் போய்க் கொண்டாடுகிறார்கள். நமக்கு அது திரும்பிப் போகிற மாதம் அது. நாம் வழியனுப்புவதும் இல்லை, வந்ததைக் கவனிப்பதும் இல்லை.

பழவேற்காட்டில் பிரச்சினை வேறு. முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொள்கிறது. அடைத்தால் கடல்நீர் வராது. கடல்நீர் வராவிட்டால் இறாலும் குறையும், மட்டியும் குறையும். மீனவர்கள் பலமுறை தாங்களே வெட்டித் திறந்திருக்கிறார்கள். தெற்கே துறைமுகங்கள் வந்த பிறகு கரையோர மணலின் போக்கே மாறிவிட்டது என்பது அவர்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை அவர்கள் எதிர்ப்பதற்கும் அதுவே காரணம். பறவைக்காகப் பேசுகிறவர்கள் தனியாகவும் மீனுக்காகப் பேசுகிறவர்கள் தனியாகவும் நிற்பதை நிறுத்தினால் நல்லது. இரண்டு பேருக்கும் வேண்டியது அதே வாய்க்கால்தான்.

ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். ஒரு தொலைநோக்கி, தொப்பி, தண்ணீர் போதும். ஸ்டாண்டு வைத்த பெரிய தொலைநோக்கி கிடைத்தால் உத்தமம். சந்திரகிரியிலிருந்து அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் கரையில் இருக்கலாம். தண்ணீர் ஏறியிருக்கும்போது போய்ச் சேர்ந்தீர்கள் என்றால், அவை மேட்டு மணலில் ஒற்றைக் காலில், அலகை முதுகில் செருகிக்கொண்டு உறங்கும். அப்போது மட்டும் கிட்டே போகாதீர்கள். வற்றுகிற சில மணி நேரத்தில் தின்றதை வைத்துத்தான் அவை அடுத்த வத்தம்வரை தாங்க வேண்டும், பங்குனியில் சைபீரியாவரை பறக்கவும் வேண்டும். ஒருமுறை கிளப்பிவிட்டால் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு போய்விடும். நூறு மீட்டர் தள்ளி உட்காருங்கள், பிள்ளைகளையும் உட்காரவையுங்கள். தண்ணீர் வற்றியதும் அவை தாமாகவே வேலைக்கு வரும்.